கண்ணாடிக் கடையின் மேசை மைக்

அவளுக்குப் பூனை என்று பேர் வைத்தது முதலாளியின் மச்சான்தான். கடைக்குள் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது என்பதால் வைத்தான். அவளும் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டாள்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். யார் வீட்டுக்குப் போனாலும் கதவோரமாகவே உட்காருகிறவள். கண்ணாடிக் கடையில் போன் எடுத்து ஆர்டர் எழுதும் வேலைக்கு வந்தபோது, "நீ அதிகம் பேச வேண்டாம்மா, ஒழுங்கா காதுல வாங்கினா போதும்" என்று முதலாளி சொன்னார். அதற்காகவே சேர்ந்தாள். சேர்ந்த பிறகு இன்னொன்றும் பிடித்துப்போனது. கடை முழுக்க ஆளுயரக் கண்ணாடிகள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாலும் கல்லாவில் யார் கை வைக்கிறார்கள், பின்கட்டில் யார் யாரைப் பார்த்துக் கண்ணடிக்கிறார்கள் என்பதெல்லாம் எதிரே வந்துவிடும். யாரையும் நிமிர்ந்து பார்க்காமலே எல்லோரையும் பார்க்கலாம்.

கடைக்கு வரும் போன்கள் கம்ப்யூட்டர் வழியாக வரும். கூப்பிடுகிறவர் குரல் மேசை ஸ்பீக்கரில் கேட்கும். கழுத்து வளைந்த ஒரு மைக்கில் அவள் பதில் சொல்வாள். பேசுவதெல்லாம் கம்ப்யூட்டரிலேயே பதிவாகும். சொன்னதைச் சொல்லவில்லை என்று வாடிக்கையாளர்கள் சாதிப்பதால் முதலாளி செய்த ஏற்பாடு அது. ஆனால் ஸ்பீக்கரில் அவர்கள் திட்டுவது கடை முழுக்கக் கேட்டது. மச்சான் அதை அப்படியே நடித்துக் காட்டிச் சிரிக்கவைப்பான். அவமானம் தாங்காமல் அவள் வீட்டிலிருந்து ஒரு ஹெட்போனைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் செருகி, காதில் மாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு திட்டு அவளுக்கு மட்டும் கேட்டது. நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதியில் மண் விழுந்த நாளில் ஒரு காண்ட்ராக்டர் வண்டியோடு வந்து நின்றார். வண்டியில் அவர் ஆர்டர் கொடுத்து வாங்கிய கண்ணாடிக் கதவு.

"கைப்பிடிக்கு ஓட்டை எங்க? இந்தக் கதவை நான் மூக்கால தள்ளித் திறக்கணுமா?"

சூளையில் கெட்டிப்படுத்திய கண்ணாடி அது. சூளைக்குப் போகும் முன்பே ஓட்டை போட்டுவிட வேண்டும். வந்த பிறகு துளைக்கருவியின் முனை பட்டாலே கல்கண்டாக உதிர்ந்துவிடும். ஓட்டை கேட்கிறவருக்கு அந்தக் கதவு இனி உதவாது.

"ஓட்டை வேணாம், கவ்விப் பிடிக்கிற கிளாம்ப் போட்டுக்கறேன்னு நீங்கதான்..." என்றாள் அவள். குரல் அவள் மோவாய்க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றுவிட்டது.

"என்ன முணுமுணுக்குது இது?"

"எதுக்குச் சண்டை? ரெக்கார்டிங் இருக்கே, போடு" என்றார் முதலாளி.

டீ குடித்துக்கொண்டிருந்த மச்சானின் கை பாதியில் நின்றதை அவள் எதிர்க் கண்ணாடியில் பார்த்தாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று பின்னால் கையை விட்டு ஹெட்போனை உருவிவிட்டு, பதிவைப் போட்டாள்.

"வணக்கம், கண்ணாடிக் கடை... ம்... சரிங்க... ம்... ம்... சரிங்க."

அவ்வளவுதான். நடுவில் நீளநீளமாக இரைச்சல். காண்ட்ராக்டரின் குரல் ஓரிடத்திலும் இல்லை. பின்கட்டிலிருந்து கண்ணாடி வெட்டுகிறவர் எட்டிப்பார்த்து, "யாரோ குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி இருக்கு" என்றார். மச்சானின் டம்ளர் மறுபடி வாய்க்குப் போனது.

"அவர் குரல் எங்கம்மா? அழிச்சிட்டியா?"

"இல்ல முதலாளி."

"அப்ப கால் முளைச்சு நடந்து போச்சா?"

"விடுங்க மாமா," என்றான் மச்சான். "பாவம், அதுக்கு என்ன தெரியும். என் வீட்டுக்காரி சும்மாதான் இருக்கா. வேணும்னா அவளைக் கொண்டாந்து இந்தச் சீட்டுல உட்கார வைக்கறேன்."

முதலாளி அவளைப் பார்த்தார். "சனிக்கிழமை வரைக்கும் டைம். அந்தக் குரல் என்ன ஆச்சுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு. இல்லைன்னா இந்த வேலை உனக்குச் சரிப்பட்டு வராது."

அன்று வீட்டில் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வீட்டுக்காரரின் அக்கா அவர்களோடுதான் இருக்கிறாள். அவளிடம் எதையும் மறைக்க முடியாது.

"அந்த மச்சான்தான் அண்ணி ஏதோ பண்ணியிருக்கான். போன வாரம் சாப்பாட்டு நேரத்துல என் கம்ப்யூட்டருக்குப் பின்னாடி குனிஞ்சு நின்னான். கண்ணாடியில பார்த்தேன்."

"பின்னே? குனிஞ்சவன் தொலைஞ்ச செருப்பையா தேடியிருப்பான்? பொண்டாட்டியை உட்கார வைக்க உன்னைக் கிளப்பறான்."

வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இவ யாரைத்தான் சந்தேகப்படல? கல்யாணத்தன்னைக்கே என்னை ஒரு மாதிரிதான் பார்த்தா."

"அதுல ஒண்ணும் தப்பில்லையே" என்றாள் அண்ணி.

மறுநாள் அவள் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டாள். ஒரு கட்டம் வரை இரண்டு பக்கக் குரலும் இருந்தது. அதற்குப் பிறகு எதிலும் அவள் 'ம்' மட்டும். யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்பது உறுதியாகிவிட்டது. திரையின் கீழ் மூலையில் இருந்த ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, ஒலி அமைப்புகளைத் திறந்து, எழுத்துக்கூட்டிப் படித்தாள். மைக்ரோபோன் என்பதற்கு எதிரில் பச்சை டிக் இருந்தது. சத்தம் முழுசாக ஏற்றியிருந்தது. தப்பாக ஒன்றும் தெரியவில்லை. தப்பாக ஒன்றும் தெரியாததுதான் அவளுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

கம்ப்யூட்டர்காரருக்குப் போன் போட்டாள். அவர் எங்கேயோ வண்டியில் போய்க்கொண்டிருந்தார். "யாரையாவது கடைக்குப் போன் பண்ணச் சொல்லி ஒரு டெஸ்ட் எடுங்கம்மா. என்ன பதிவாகுதுன்னு கேட்டுட்டு எனக்குச் சொல்லுங்க."

அண்ணியை விட்டால் வேறு யார்? மதியம் சரியாகக் கூப்பிட்டாள். என்ன பேசுவது என்று கேட்கவே இல்லை. எதிர்வீட்டுக்காரி தண்ணீர் மோட்டாரை அணைக்காமல் போனதிலிருந்து ஆரம்பித்து மூச்சு விடாமல் பேசினாள். அவள் ம், ம் என்றாள்.

பதிவைப் போட்டாள். அண்ணி பேசியதில் ஒரு சொல் இல்லை. ஆனால் அவளுடைய 'ம்'களுக்கு நடுவில் வேறொன்று இருந்தது. டிபன் பாக்ஸ் மூடி திறக்கும் சத்தம். அப்புறம் நிதானமாக யாரோ மெல்லும் சத்தம். திரும்பாமலே கண்ணாடியில் பார்த்தாள். கல்லாவில் மச்சான் மென்றுகொண்டிருந்தான்.

காதுக்குள் கேட்டது பதிவாகவில்லை, கல்லாவில் மென்றது பதிவாகியிருக்கிறது. இதைக் கம்ப்யூட்டர்காரரிடம் சொன்னாள்.

"நீங்க ஹெட்போன் எதுவும் மாட்டியிருக்கீங்களாம்மா?"

"ஆமாங்க."

"அங்கதான் விஷயம். அந்த புரோகிராம் மைக்ல விழறதை மட்டும்தான் பதியுது. முன்னாடி ஸ்பீக்கர்ல அவங்க குரல் வெளியில வந்துச்சு, மைக் அதையும் பிடிச்சுக்கிச்சு. ஹெட்போன் போட்டதும் ஸ்பீக்கர் செத்துப்போச்சு. குரல் உங்க காதோட நின்னுடுச்சு."

அவள் கை கழுத்தில் கிடந்த ஹெட்போனுக்குப் போனது. யாரும் கை வைக்கவில்லை. கை வைத்தது அவளே. அந்தக் குரல்களைத் தன் காதுக்குள் ஒளித்துவைத்ததும் அவளே.

"ஸ்டீரியோ மிக்ஸ்னு ஒண்ணு அணைச்சு வச்சிருக்கும். வர்ற சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே பிடிக்கிறது அது. நான் வந்து போட்டுத் தர்றேன். அதுவரைக்கும் ஹெட்போனைக் கழட்டிடுங்க."

கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்து ஹெட்போனின் பச்சை முனையை உருவினாள். பக்கத்திலேயே இன்னொரு வயர் தொங்கிக்கொண்டிருந்தது. மச்சானின் செல்போன் சார்ஜர். அன்றைக்கு அவன் குனிந்தது இதற்குத்தான். நிமிர்வதற்குள் போன் அடித்தது. பொத்தானை அழுத்தினாள்.

"என்னடி ஆச்சு?" அண்ணியின் குரலில் ஸ்பீக்கர் அதிர்ந்தது. "அந்தத் திருட்டு மச்சான் இன்னும் அங்கேயே முழிச்சிட்டு உட்கார்ந்திருக்கானா?"

விழுந்தடித்து அணைத்தாள். மச்சான் வாய்க்குக் கொண்டுபோன கையோடு நின்றான்.

"யாரு அது?"

"ராங் நம்பர்" என்றாள்.

பின்கட்டில் யாரோ இருமலுக்குள் சிரிப்பை மறைத்தார்கள்.

சந்தேகம் போய்விட்டதா என்றால், இல்லை. அவன் கம்ப்யூட்டரைத் தொடவில்லை, சரி. அப்படியானால் பதிவைப் போடச் சொன்னபோது டம்ளர் ஏன் நின்றது? குரல் இல்லை என்றதும் ஏன் மறுபடி வாய்க்குப் போனது? மைக்தான் கல்லா வரைக்கும் கேட்கிறதே. காண்ட்ராக்டர் ஆர்டர் கொடுத்த பதிவை மறுபடி எடுத்தாள். ஹெட்போனை மாட்டி, சத்தத்தை முழுசாக ஏற்றி, தன் 'ம்'களை விட்டுவிட்டு இடைவெளிகளைக் கேட்டாள்.

கண்ணாடி கீறும் சக்கரம் கிரீச்சிட்டது. அதற்கு மேலே மச்சானின் குரல். "லைன்ல இருக்கறது நம்ம காண்ட்ராக்டர்தான். கைப்பிடிக்கு ஓட்டையே வேணாம், கிளாம்ப் போதும்னு நான்தான் ஐடியா குடுத்தேன். ஓட்டைக் கூலி மிச்சம், கட்டடத்துக்காரருக்கு என்ன தெரியப் போகுது?"

கட்டடத்துக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. கதவு திரும்பி வந்தது அதனால்தான். யோசனை சொன்னவனும் கேட்டவனும் சேர்ந்து பழியை அவள் தலையில் இறக்கிவிட்டார்கள்.

இன்னும் சில பதிவுகளையும் கேட்டாள். ஒன்றில் முதலாளி அவள் மேசைக்குப் பக்கத்தில் நின்று தன் மனைவியோடு செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். "பூனையா? அது ஒரு நாற்காலி மாதிரி. இருந்தா இருக்கும், தூக்கிப் போட்டாலும் சத்தம் வராது." அதை இரண்டு தடவை கேட்டாள். அப்புறம் மூடினாள்.

சனிக்கிழமை முதலாளி முன்னால் நின்றாள். "குரல் போனதுக்கு என் ஹெட்போன்தான் காரணம், முதலாளி. தப்பு என்னோடதுதான். ஆனா இதையும் கேளுங்க" என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

மச்சானின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "அது... அது வேற கதவு மாமா" என்றான் மச்சான்.

"வேற எந்தக் கதவுப்பா?" என்று பின்கட்டிலிருந்து கேட்டார் வெட்டுகிறவர். "என்கிட்டதானே நின்னு பெருமை அடிச்சே?"

முதலாளி மச்சானைப் பார்த்த பார்வையில், வீட்டில் அவன் அக்காவிடம் போய் நிற்கப்போகும் பஞ்சாயத்து முழுவதும் தெரிந்தது. காண்ட்ராக்டருக்கு அவரே போன் போட்டார். இரண்டு நிமிடத்தில் அந்தப் பக்கம் சுருதி இறங்கியது. மச்சான் ஒரு துணியை எடுத்துக்கொண்டு போய், ஓர் ஓரத்தில் கண்ணாடி துடைக்க ஆரம்பித்தான்.

முதலாளி அவள் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இந்த மாதிரி இன்னும் எவ்வளவு இருக்கு?"

அவள் கண் திரையில் இருந்த பதிவுப் பட்டியலுக்குப் போனது.

"எல்லாத்தையும் உட்கார்ந்து கேளு. இவன் என்னைப் பத்தி என்னென்ன பேசியிருக்கான், வெட்டறவர் என்ன சொல்றார், எல்லாம் எனக்கு வேணும். தனியா வந்து சொல்லு, போதும். இந்தச் சீட்டு உனக்குத்தான். நான் பொறுப்பு."

எதிர்க் கண்ணாடியில் மச்சான் ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்த இடம் எப்போதோ பளபளத்துவிட்டது. இன்றைக்கு அவனைப் பற்றிக் கேட்கிறவர், நாளைக்கு அவளைப் பற்றி யாரிடம் கேட்பார்?

"மத்ததுல எல்லாம் என் குரல் மட்டும்தான் இருக்கு, முதலாளி."

பின்கட்டு வரைக்கும் கேட்டது. அவள் அந்தக் கடையில் அவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை. துடைக்கிற கை நின்றது.

முதலாளி நம்பவில்லை. அது முகத்திலேயே தெரிந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். போன் அடித்தது. அவள் ஹெட்போனை இழுப்பறைக்குள் போட்டு மூடிவிட்டு, ஸ்பீக்கரிலேயே எடுத்தாள்.

"சொல்லுங்க. குளியலறைக் கண்ணாடி. சரிங்க, நாலு மூலையிலயும் ஓட்டை வேணும். ஓரம் வழவழன்னு தேய்ச்சிருக்கணும். நீங்க சொன்னதைத் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க..."

அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லச் சொல்ல, முதலாளியின் கண் அந்த வளைந்த கழுத்து மைக்கின் மேலேயே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து நாற்காலியை அதிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார்.