மலை இறங்காத விதைக்கிழங்கு

பொன்னம்மாள் இறந்த செய்தி எனக்கு மலையடிவாரத்துச் சோதனைச் சாவடியில் கிடைத்தது. கோசும் உருளைக்கிழங்கும் ஏற்றிய லாரியில் என் கணவரோடு நான் இறங்கிக்கொண்டிருந்தேன். வழக்கம்போலச் சாவடிக்காரர்கள் மூட்டைகளை இறக்கி, தையலைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமையலுக்கு என்று சொல்லி விதைக்கிழங்கு கொண்டுபோகிறோமா, கிழங்கில் மலை மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. அப்போது எங்களுக்குப் பின்னால் வந்து நின்ற லாரியின் டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"அண்ணே, ஒங்க ஊர் பொன்னக்கா போயிட்டாக. வெள்ளனே நெஞ்ச வலிக்குதுன்னாகளாம். வெந்நி வைக்கிறதுக்குள்ள முடிஞ்சு போச்சாம்."

உடனே திரும்பிப் போக முடியவில்லை. மூட்டைகள் பாதி கீழே கிடந்தன, பாதி லாரியில் இருந்தன. எல்லாவற்றையும் பார்த்து முடிக்கும்வரை வண்டி எந்தப் பக்கமும் நகராது. அந்தச் சாவடி வந்ததற்கே அவர்தான் காரணம் என்று எங்கள் ஊர் பல வருடங்கள் பேசியது. அவருக்காக அழுவதற்கு எனக்கு வாய்த்த இடமும் அதுதான். பிரித்துப் போட்ட ஒரு கிழங்கு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

மேல்மலைக் கிராமங்களில் பொன்னக்காவை அறியாதவர்கள் குறைவு. கீழே அய்யம்பாளையத்திலிருந்தும் பெரும்பாறையிலிருந்தும் விதை வாங்க வந்து, அவர் வீட்டில் கேப்பைக் களியும் பூண்டுக் குழம்பும் சாப்பிட்டுப் போன வியாபாரிகளுக்கும் அவர் பேச்சு நினைவிருக்கும். உங்கள் எல்லோருக்காகவும்தான் இதை எழுதுகிறேன். ஆனால் உங்களில் சிலர் அவரோடு பல வருடங்கள் பேசாமல் இருந்தீர்கள். அதையும் எழுதாமல் அவரைப் பற்றி எழுத முடியாது.

எழுபதுகளின் தொடக்கத்தில், மதுரையில் பட்டப்படிப்பை முடித்த கையோடு நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். என் கணவரின் நிலமும் பொன்னக்காவின் நிலமும் மலைச்சரிவில் படிபடியாக வெட்டிய அடுத்தடுத்த அடுக்குகளில் இருந்தன. அவர் கணவர் அப்போதே இறந்திருந்தார். ஒரு மகனை வைத்துக்கொண்டு நிலத்தைத் தானே பார்த்தார். நான் முதன்முதலில் கிழங்கு ஊன்றியதை மேலடுக்கிலிருந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏ காலேசு, கெழங்குக்குக் கண்ணு இருக்குல்ல? அதக் குப்புறப் போட்டுப் பொதைச்சா எங்கிட்டுக் கூடி வெளிய வரும்?" என்றார். அன்றிலிருந்து ஊருக்கே நான் காலேசு ஆனேன். என் மாமியாரும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் தம் நிலத்தில் விளைந்த கிழங்கைத் தம் நிலத்திலேயே விதையாகப் போட மாட்டார்கள். ஒரே மண்ணில் திரும்பத் திரும்பப் போட்டால் விதை களைத்துவிடும் என்பது நம்பிக்கை. நடவுக்கு முன்னால் ஒரு நாள் எல்லா வீட்டாரும் விதைக்கிழங்கைக் கூடையில் எடுத்துக்கொண்டு கோயில் முன்னால் கூடுவார்கள். நம் கூடை இன்னொரு வீட்டுக்குப் போகும், இன்னொரு வீட்டுக் கூடை நமக்கு வரும். கொண்டுபோன கிழங்கைத் திருப்பிக் கொண்டுவருவது பெரிய அவமானம். யார் அதிக வீடுகளுக்கு விதை கொடுத்தார்கள் என்பதில் ஒரு பெருமையும் உண்டு. அந்தப் பெருமை ஏறக்குறைய எல்லா வருடமும் பொன்னக்காவுக்குத்தான். அவர் நிலம் உயரத்தில் இருந்ததால் அவர் விதைக்கு நல்ல பெயர்.

உருளைக்கிழங்கு எங்கள் ஊருக்கு அதற்கு முன்பே வந்த பயிர்தான். ஆனால் கேப்பையையும் சாமையையும் கோதுமையையும் ஏறக்குறைய முழுதாக விட்டுவிட்டுக் கிழங்குக்கு மாறியது அந்த வருடங்களில். அரசாங்க அலுவலர்கள் வந்து சொன்னார்கள். உரத்துக்குக் கடன் கொடுத்தார்கள். மலை விதைக்குச் சமவெளியில் நல்ல கிராக்கி இருந்தது. அரிசி ரேஷனில் வரும், நீங்கள் ஏன் கேப்பை விதைத்துக் கஷ்டப்படுகிறீர்கள் என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. கொஞ்ச காலம் நன்றாகவும் இருந்தது. பல வீடுகளுக்குத் தகரக் கூரை வந்தது அப்போதுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பொன்னக்காவின் நிலத்தில் செடிகள் அங்கங்கே வட்டம் வட்டமாக மஞ்சளித்தன. வெயில் ஏறினால் தலை சாய்ந்தன. கிழங்கு கோலிக்குண்டு அளவில் நின்றது. விதை களைத்துவிட்டது என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். அதற்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் இன்னும் அதிகமாக மாற்றுவது. அவருடைய கிழங்கை வேறு மண்ணில் போட்டால் தெளிந்துவிடும் என்று வீட்டுக்கு வீடு வாங்கிக்கொண்டோம். அவருக்கு நல்ல விதை கொடுத்தோம். அன்பால் செய்த காரியம்தான். அந்த அன்பு எதைச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போனது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அடுத்த போகமும் செடி வாடியபோது பொன்னக்கா ஒரு செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார். வேளாண்மைத் துறை ஜீப் ஒன்று மேலே வந்துகொண்டிருந்தது. நடு ரோட்டில் நின்று நிறுத்தினார். நான் அவர் பக்கத்தில் இருந்தேன். உள்ளே இருந்த அலுவலர் இளைஞர், பொறுமையானவர். வேரைக் கையில் வாங்கி, பையிலிருந்து பூதக்கண்ணாடி எடுத்து வைத்துப் பார்த்தார். பிறகு எங்களையும் பார்க்கச் சொன்னார். கடுகில் பாதிகூட இல்லாத மஞ்சள் மணிகள் வேரில் ஒட்டியிருந்தன.

"இது நூற்புழும்மா. அதோட முட்டைக்கூடு. மண்ணுலயே பல வருசம் உயிரோட கெடக்கும்."

"மருந்து இருக்குல்லங்க?" என்றார் பொன்னக்கா.

"இருக்கு. முழுசா அழிக்காது." அவர் கண்ணாடியைத் துடைத்தார். "யார் யாருக்கு விதை குடுத்திருக்கீங்க?"

பொன்னக்கா சிரித்துவிட்டார். "யாருக்குக் குடுக்கலைன்னு கேளுங்க சார். வெரசாச் சொல்லிரலாம்."

அந்தச் சிரிப்பு முகத்திலேயே நின்று போனதை நான் பார்த்தேன். தான் சொன்னது என்னவென்று சொன்ன பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

சில மாதங்களில் தடை வந்தது. விதைக்கிழங்கு மலையை விட்டு இறங்கக் கூடாது. சமையல் கிழங்கும் மண் இல்லாமல்தான் இறங்க வேண்டும். சமவெளி விவசாயத்தைக் காக்க அது தேவை என்றார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்களை யார் காப்பது என்று அந்த உத்தரவில் ஒரு வரியும் இல்லை. விதை வியாபாரிகள் வருவது நின்றது. சமையல் கிழங்காக விற்றால் வடக்கிலிருந்து ரயிலில் வரும் கிழங்கோடு விலையில் போட்டி போட முடியவில்லை. உரத்துக்கு வாங்கிய கடன் மட்டும் தடையில்லாமல் மலையேறி வந்தது.

ஊர்க்கூட்டத்தில் கூட்டுறவுச் சங்கத் தலைவர் முத்தையா எழுந்தார். "செடி வாடுனா பிடுங்கிப் போட்டுட்டு ஒன் சோலியப் பாக்க வேண்டியதுதான ஆத்தா. ஜீப்ப மறிச்சுக் காட்டணுமாக்கும்?"

"காட்டலேன்னா புழு கோவிச்சுக்கிட்டுப் போயிருக்குமாக்கும்?" என்றார் பொன்னக்கா.

யாரும் சிரிக்கவில்லை. அந்த வருடமும் கோயில் முன்னால் கூடைகள் வந்தன. மாற்றாதீர்கள், புழு அதில்தான் போகிறது என்று அவர் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். சாமிக்கு முன்னால் வைத்த விதையில் புழு வராது என்றார்கள். அவரைத் தவிர எல்லோரும் எல்லோரோடும் மாற்றிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ரேஷன் கடை வரிசையிலும் அவருக்கு முன்னால் ஓர் ஆள் இடம், பின்னால் ஓர் ஆள் இடம் விட்டே நின்றார்கள். "நல்லதுதான், இடிபடாம நிக்கலாம்" என்றார் என்னிடம். ஆனால் வரிசை கலைந்த பிறகு, வாங்கிய அரிசியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தார்.

ஒரு முறை பெரிய அதிகாரி ஒருவர் வந்து பள்ளிக்கூடத்தில் எங்களைக் கூட்டினார். சில வருடங்களுக்குக் கிழங்கை விட்டுவிட்டு வெள்ளைப்பூண்டு, கோசு, பீன்ஸ் என்று மாறுங்கள் என்றார். பொன்னக்கா பின்வரிசையிலிருந்து எழுந்தார்.

"ஐயா, கேப்பையும் சாமையும் கோதும்பையும் போட்டுக்கிட்டுக் கெடந்தோம். கெழங்கு போடுங்கன்னு உத்தரவு வந்துச்சு, போட்டோம். கெழங்கு போடாதீகன்னு இப்ப உத்தரவு வருது, சரிங்க. எங்க வயித்துக்கு எப்ப உத்தரவு வரும்?"

அவரோடு பேசாதவர்கள்கூட அன்று சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். சிரித்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம் முடிந்தது.

எல்லோரும் பூண்டு போட்டோம். எல்லோரும் போட்டதால் விலை விழுந்தது. அடுத்து கோசு போட்டோம், அதுவும் அப்படியே. மறுபடியும் கிழங்குக்கே சிலர் போனார்கள், மஞ்சள் வட்டங்களைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்கள். நாங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் எங்களுக்கு முன்பே யாரோ வந்து கதவைச் சாத்திவிட்டதுபோல் இருந்தது. பொன்னக்கா மட்டும் அதிகாரி சொன்னபடி கிழங்கை அடியோடு விட்டார். மேலடுக்குகளில் கேப்பையும் கோதுமையும் விதைத்தார். அதை விற்றுப் பிழைக்க முடியாது, ஆனால் சாப்பிடலாம்.

ஓர் ஐப்பசி மழையில் மலைப்பாதை சரிந்து ரேஷன் லாரி வராமல் நின்றது. கோசு வெட்டிய இடத்திலேயே அழுகியது. சாப்பிடத் தானியம் இருந்த வீடு ஊரில் அவருடையதுதான். முத்தையாவின் மனைவி பாத்திரத்தோடு போய் வாசலில் நின்றபோது நான் உள்ளே இருந்தேன்.

"வா தாயி. மாவு வாங்க வரலாம், பேச மட்டும் வரக்கூடாதுன்னு ஒன் வீட்டுக்காரரு சட்டம் போட்ருக்காரா?"

"அவரு சொல்லித்தான் அக்கா வந்தேன்."

"அப்ப ரெண்டு படியாக் கொண்டுபோ. அவரு ஒரு படியிலயா அடங்குவாரு" என்று அளந்து கொட்டினார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அழுதாள். மழை விட்டு ரோடு திறந்ததும் பேச்சு மறுபடியும் நின்றுவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அவரை எந்தக் காரணத்துக்காகத் தள்ளி வைத்தார்களோ அந்தக் காரணம் அப்படியே இருந்தது. சாவடியும் இருந்தது.

மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். வந்துவிடு அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். "நெலத்த வித்துட்டுப் போகலாம்னா புழு கெடக்குற மண்ண எவன் வாங்குவான்? விக்காமப் போகலாம்னா அங்க ஒத்த ரூமுல ஒக்காந்து நான் எதக் கொத்த?" என்பார். மண்ணை மறுபடியும் பரிசோதிக்க வருவதாக அந்த இளம் அலுவலர் சொல்லிப் போயிருந்தார். அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அவருக்குப் பின் யாரும் வரவில்லை. புழு செத்ததா இருக்கிறதா என்று தெரியாத நிலத்தில் பொன்னக்கா கடைசிவரை கேப்பை விதைத்தார்.

இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவர் நிலத்தில் இருவரும் களை எடுத்துக்கொண்டிருந்தோம். வெகுநாளாக என்னுள் இருந்ததைக் கேட்டேன்.

"இப்படியெல்லாம் ஆகும்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கு ஜீப்ப நிறுத்தியிருப்பீங்களா அக்கா?"

"நிறுத்தியிருக்க மாட்டேன்" என்றார், களைக்கொத்தை நிறுத்தாமலே.

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "என்ன காலேசு, மொகம் சுண்டிப்போச்சு? மருந்து குடுப்பாக, சரியாயிரும்னு நெனச்சு நிறுத்துனேன். ஊரு வாசலையே அடைப்பாகன்னு தெரிஞ்சா எவ நிறுத்துவா?" ஒரு களையைப் பிடுங்கி வரப்பில் எறிந்துவிட்டு, "நிறுத்தலேன்னாலும் இங்கனதான் கெடந்திருப்போம். இன்னுங் கொஞ்சம் லேட்டா மாட்டியிருப்போம். அம்புட்டுத்தான். பேசிக்கிட்டே நிக்காத, அந்த வரிசையக் கொத்து" என்றார்.

சாவடியிலிருந்து நாங்கள் ஊர் திரும்பியபோது உடலை எடுப்பதற்கு முன்னால் அவரைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். முத்தையா பேசினார். என்ன வரும் என்று தெரிந்தே உண்மையைச் சொன்னவர், தனக்கு நஷ்டம் என்றும் பாராமல் நாட்டைக் காத்தவர் என்றார். குரல் உடைந்தது, பொய்யாக அல்ல. கூட்டத்தில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். அப்படிப்பட்டவராக அவரை நினைத்துக்கொள்வது நம் எல்லோருக்கும் வசதி. தெரிந்தே தீயில் இறங்கியவருக்கு நாம் செய்ய வேண்டியது கும்பிடுவது மட்டும்தானே.

ஆனால் அவர் தெரிந்து செய்யவில்லை. அதை அவரே என்னிடம் சொன்னார். அந்தப் பதிலைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். செடிக்கு நோய் என்றால் ஜீப்பில் வருகிறவரிடம் காட்டலாம், காட்டினால் மருந்து கிடைக்கும் என்று அவர் நம்பினார். அவ்வளவு சாதாரணமான நம்பிக்கை அது. அவருக்குப் பிறகு எங்கள் மலையில் யாரும் எந்தச் செடியையும் பிடுங்கிக்கொண்டு ரோட்டுக்குப் போகவில்லை.