எதிர்வீட்டுக்குப் போட்ட பாட்டு

போன ஞாயிற்றுக்கிழமை ஓரிக்கையில் ஒரு கல்யாணம். பந்தலில் எனக்குக் கிடைத்த நாற்காலி ஸ்பீக்கர் செட்டுக்குப் பக்கத்தில். இன்றோடு காது போயிற்று என்றுதான் நினைத்தேன்...

செட்டுக்காரன் சேகர் எங்கள் தெருப் பையன். என்னைப்போலவே வரிசை தவறாதவன். அதனாலேயே எனக்கு அவனைப் பிடிக்கும். முதலில் பிள்ளையார் பாட்டு, பிறகு முருகன், அப்புறம்தான் சினிமா. அந்தச் சினிமாவிலும் முதலில் வருவது எப்போதும் ஒரே டான்ஸ் பாட்டு. டிரம்பெட் அலற, ஒருத்தி தனக்கு அவனைப் பிடித்திருப்பதை ஒளிவுமறைவே இல்லாமல் பாடுவாள்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் காலையில் நெசவுக்குப் பாவு விரிப்பார்கள். பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, சேகருக்கு எதிர்வீட்டு வசந்தாவும் அவள் அப்பா அம்மாவும் அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருப்பார்கள். சரியாக அப்போதுதான் இவனுக்கு செட்டை டெஸ்ட் பண்ணத் தோன்றும். அதே டான்ஸ் பாட்டு! பெரியவர்கள் திட்டுவார்கள். நான்கூட ஸ்பீக்கரில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்திருந்தேன்.

ஓரிக்கைக்கு வசந்தாவும் வந்திருந்தாள். அவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வேலூர். சாப்பிட்டுவிட்டு நேராக செட்டிடம் வந்தாள்.

"சேகரு, எங்க கல்யாணத்துக்கும் நீதான் செட்டாம். அப்பா சொல்லச் சொன்னாரு. அந்த ஆட்டக்காரி பாட்டு மட்டும் வேணாம்பா."

"ஏன்? உனக்காகத்தான அதப் போட்டுக்கினு இருந்தேன்."

சொல்லிவிட்டான் — முதல் தடவையாக!

"எனக்காகவா? பாளையமே கேட்டுதுப்பா!"

"உனக்குப் புரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்..."

"நிச்சயத்துக்கு முன்னாடி எங்கம்மா கேட்டுது, மனசுல யாருனா இருந்தா சொல்லுடின்னு. நான் யார் பேரச் சொல்றது? பாடறவ பேரையா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

பாட்டில் வருகிறவளுக்குத் தயக்கம் ஏன் இல்லை? அவளுக்கு எதிர்வீடு கிடையாது. அப்பா அம்மா கிடையாது. மறுநாள் காலையில் அதே தெருவில் நடக்க வேண்டிய அவசியமும் கிடையாது. மூன்று நிமிஷம்தான் அவள் ஆயுசு. ஆசையைச் சொல்லி, ஆடி, போய்விடுகிறாள். அந்தத் தைரியத்தை இரவல் வாங்கியே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைக்கிறோமே — அங்கேதான் தப்பு. அவள் தனக்காகத்தான் பாடுகிறாள். நமக்காக ஒரு வார்த்தைகூடச் சொல்லமாட்டாள்.

ரெக்கார்டு முடிந்து ஊசி கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"செட்டு! இன்னாப்பா, தூங்கிட்டியா?" பந்தியிலிருந்து ஒரு குரல்.

சேகர் கைக்கு வந்த ரெக்கார்டை எடுத்து வைத்தான். பிள்ளையார் பாட்டு. பாயசம் பரிமாறுகிற நேரத்தில் பிள்ளையார் பாட்டு... அதுவும் சேகர்!

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. செட்டில் போடுகிற பாட்டை யார் தனக்கென்று கேட்கிறார்கள்?