உப்பு மண்ணில் பருத்தி

இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் கிடந்துவிட்டு, மலையேறி நடுவட்டம் வந்து சேர்ந்தோம். தேயிலை எஸ்டேட்டில் எங்கள் இருவருக்கும் வேலை கிடைத்தது, தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஓர் அறையும். எனக்கு அது போதும். என் வீட்டுக்காரருக்குப் போதவில்லை. அவருடைய தகப்பனும் பாட்டனும் அடுத்தவர் தேயிலைக்கு உரம் போட்டே செத்தவர்கள். "நம்ம பேருல ஒரு துண்டு மண்ணு வேணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், கொண்டுவந்ததையெல்லாம் கொடுத்து மசினகுடிக்குக் கீழே கிணற்றோடு கொஞ்சம் நிலம் வாங்கிவிட்டார்.

மலிவாகத்தான் கிடைத்தது. ஏன் மலிவு என்று முதல் கோடையில் தெரிந்தது. சுண்ணாம்பு தூவியது போல் மண் வெள்ளையாகப் பூத்தது. விடிகாலையில் மான்கள் வந்து அதை நக்கிவிட்டுப் போகும்.

பருத்தி உப்பைத் தாங்கும் என்று யாரோ சொன்னதால் அவர் பருத்தி போட்டார். எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு அங்கேயே குடிசையில் தங்கினார். நான் கொழுந்து பறித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஸ் பிடித்துப் போய் வந்தேன்.

செடி முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. இலை சிறுத்து, நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் வெளுத்துக் கிடந்தது. விவசாய ஆபீசிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார்.

"ஏனுங்க, இது சத்துக் குறைதானுங்க. துத்தநாக சல்பேட்டு, இரும்புச் சத்துக்கு அன்னபேதி, ரெண்டையும் கரைச்சு இலையில அடிங்க."

"அடிச்சா சரியாயிருமா ஐயா?" என்று கேட்டேன்.

அவர் மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். "இலைக்குக் கேக்குமுங்க. மண்ணுல இருக்கற உப்புக்குக் கேக்காது. நல்ல தண்ணி உட்டு உப்பைக் கழுவி எறக்கோணும்."

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? கிணற்றுத் தண்ணீரே கரித்தது.

ஆனாலும் மருந்தடித்தோம். நான் தண்ணீர் சுமக்க, வீட்டுக்காரர் மருந்துப் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாகப் போனார். அடுத்து நான் போனபோது குருத்திலை பச்சை கட்டியிருந்தது. அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினார். இந்தியா வந்தபின் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

விளைச்சல் ஒன்றுமில்லை. காய்கள் சிறியவை, பஞ்சின் இழையும் குட்டை. ஆனால் அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டாரே, இன்னொரு வருஷம் என்றார். மருந்து கேட்காமலே போயிருந்தால் அப்போதே மூட்டை கட்டியிருப்பார். கொஞ்சம் கேட்டதுதான் எங்களைக் கெடுத்தது.

மறுவருஷம் மழை பொய்த்தது. கிணறு வற்ற வற்றக் கரிப்பு ஏறியது. அவர் மருந்தை அடித்துக்கொண்டே இருந்தார். இலையோரம் கருகியது, சப்பை என்கிற பூமொட்டுகள் பூக்காமலே உதிர்ந்தன. நான் போனபோது அவர் தரையில் உட்கார்ந்து, உதிர்ந்த சப்பைகளைப் பொறுக்கித் துண்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எதுக்கு இதப் பொறுக்குறீங்க?"

"சும்மாதான்."

"வாங்க, போயிருவோம்."

"போயி?"

சோறு வைத்தேன். சாப்பிட்டார். பிறகு என்னோடு பஸ் ஏறினார்.

எஸ்டேட்டில் அவரைத் தேயிலைக்கு மருந்தடிக்கும் கூட்டத்தில் சேர்த்தார்கள். ஒரு வாரம் போனார். பிறகு, "என்னால இலையப் பாத்துக்கிட்டு நிக்க முடியல" என்று சொல்லி, ஃபேக்டரியில் அடுப்புக்கு விறகு தள்ளும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். புகையில் இருமல் வந்தது. அந்த வேலையை விடவில்லை.

லயத்துக்குப் பின்னால் நான் கொஞ்சம் பீன்ஸ் போட்டேன். நன்றாகவே காய்த்தது. குழம்பில் போட்டால் சாப்பிடுவார். ஆனால் அந்தப் பக்கம் ஒரு நாளும் போனதில்லை. தண்ணீர்க் குழாய்க்குக் குறுக்குவழி அதுதான்; அதற்கும் முன்வழியாகச் சுற்றித்தான் போவார்.