குரங்கு எச்சமும் புற்றுமண்ணும்

எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண்ணுக்குக் குரங்கு எச்சம் சேகரிப்பதுதான் வேலை. பாளையங்கோட்டைக்காரி, ஆராய்ச்சிப் படிப்பு. விடிந்ததும் ஸ்கூட்டரில் புளியங்குடிப் பக்கம் மலையடிவாரத்துக்குப் போய், காட்டுக் குரங்குகளின் எச்சத்தைச் சிறு குப்பிகளில் எடுத்து வருவாள். குரங்கு தின்ற பூச்சியின் மரபணு எச்சத்தில் கொஞ்சம் தங்கிவிடுமாம். அதைச் சோதித்தால் என்ன பூச்சி என்று தெரிந்துவிடுமாம். நான் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். கேள்வி கேட்கக் கூச்சம். அவளாகச் சொன்னதுதான் இவ்வளவும்.

ஆய்வகத்துக்கு அனுப்பும் வரை குப்பிப் பெட்டி எங்கள் வீட்டில்தான் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்த் திரும்பிய நான், அரிசிப் பானையிலும் பீரோவிலும் போடுவதுபோல அந்தப் பெட்டிக்குள்ளும் கோயிலில் கொடுத்த புற்றுமண்ணில் ஒரு சிட்டிகை தூவினேன். புற்றுமண் இருக்கும் இடத்தில் பூச்சி பொட்டு அண்டாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. மாதக்கணக்கில் அலைந்து சேர்த்தவை, கெட்டுப்போகக் கூடாதே.

சாயங்காலம் பெட்டியைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, இது என்ன மண்ணு?"

"கோயில் புத்துமண்ணுதாம்மா. பூச்சி வராது."

"ஐயோ! புத்து கறையான் கட்டுனதுல்லாக்கா? குரங்கு கறையான் திங்குதான்னுதான நான் தேடுதேன். இனி கறையான்னு வந்தா, அது குரங்கு தின்னதா, நீங்க போட்டதான்னு எப்படிச் சொல்லுவேன்?"

என் வீட்டுக்காரர்தான், "குரங்குப் பீக்குக் காப்புக் கட்டுன ஆளு ஊர்லயே நீ ஒருத்திதாம்ட்டி" என்றார். அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இருவருமாக ஒவ்வொரு குப்பியையும் மருந்தில் நனைத்த பஞ்சால் துடைத்தோம். மூடிகள் இறுக்கமாகத்தான் இருந்தன. ஆனாலும் அவள் முகம் தெளியவில்லை. கடைசியில் ஒரு காலிக் குப்பியை நீட்டினாள். "மிச்ச மண்ண இதுல போடுங்கக்கா. இதையும் சேத்துச் சோதிச்சிருவோம். எச்சத்துல கறையான் வந்தா, அதும் இதும் ஒண்ணான்னு தெரிஞ்சிரும்."

சாமி மண்ணைச் சோதிப்பதா என்று தயங்கினேன். பிறகு போட்டேன்.

அதன் பின் கோயிலுக்குப் போகும்போதெல்லாம், "தாயே, உன் மண் அந்தக் குப்பிகளுக்குள் போயிருக்கக் கூடாது" என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

முடிவு வந்த அன்று மாடிப்படியிலிருந்தே கத்தினாள். "அக்கா! வெட்டுக்கிளி, கம்பளிப்புழு, கறையான் எல்லாம் தின்னுருக்கு. ஆனா அந்தக் கறையான் வேற வகை. உங்க புத்துக் கறையான் ஒரு குப்பிக்குள்ளகூடப் போகல!"

"பூச்சி அண்டாதுன்னு அன்னைக்கே சொன்னேம்லா" என்றேன், என்னையறியாமல்.

அடுத்த பெட்டியை மாடி அறையில் வைத்துப் பூட்டிவிட்டாள். சாவியை மட்டும் தினமும் என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் மலைக்குப் போகிறாள்.