காது வைத்த பித்தளை நட்டு

எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டில் ரிமோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளை நட்டு இருக்கிறது. ஸ்பானர் இல்லாமல் கையாலேயே திருகுவதற்கு இரண்டு பக்கமும் காது வைத்தது. அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். கடலுக்குள் படகு மோட்டார் கிளம்ப மறுத்தபோது, அதைப் பிடித்து வைத்திருப்பது செத்துப்போன என் மாமனார்தான் என்று நான் நம்பினேன். கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கடை வைத்துப் பிழைக்கிறவன், வியாபாரத்தில் யாரையும் லேசில் நம்பாதவன், இதை மட்டும் முழுசாக நம்பினேன்.

படகு என் சகலையுடையது. கொழுந்தியாள் விரும்பிக் கட்டிக்கொண்ட வேம்பார்க்காரர். நாகலாபுரத்தில் பருத்தியும் உளுந்தும் போட்டு, மழைக்காக வானத்தைப் பார்த்தே பழகிய மாமனாருக்குக் கடல்காரர் மருமகனாக வந்தது பிடிக்கவில்லை. கடைசிவரை அந்த வீட்டு வாசல்படியை மிதிக்கவில்லை. மகளைப் பார்க்க வேண்டுமென்றால் எட்டயபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்வார். சகலை கொஞ்சம் தள்ளி, டீக்கடை ஓரமாக நிற்பார். மாமனார் ஏறிய பஸ் திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டே நிற்பார். மகள் நீட்டுகிற கருவாட்டுப் பொட்டலத்தை, யார் கொடுத்தது என்று கேட்காமலே மாமனாரும் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்வார். அவர்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் நானும் மாமனாரும் மட்டும் இருந்தபோதுதான் சொன்னார். “மாப்ள, என் சாம்பல அந்த வேம்பார்க்காரன் படகுலயே கொண்டுபோய்க் கரைக்கச் சொல்லுங்க.” அவர் போன பிறகு சகலையிடம் சொன்னேன். சகலை என் முகத்தையே பார்த்தார். சிக்கல் அங்கேதான். கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும் நான் பேசினால் விளையாட்டு என்றே எடுத்துக்கொள்வார்கள். அப்படிப் பெயரெடுத்து வைத்திருந்தேன். கொழுந்தியாளே, “அத்தான், இதுலயுமா விளையாடுதீங்க?” என்று அழுதாள். சகலைக்கு நம்பவும் ஆசை, நம்பவும் பயம். ஆனாலும் படகைக் கழுவித் தயார் செய்துவிட்டார்.

பழைய மோட்டார் அது. எங்கள் கரிசல் பக்கம் டிராக்டரானாலும் லோடு ஆட்டோவானாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் நல்ல காரியத்துக்குக் கிளப்ப மாட்டோம். விடிந்ததும் நானே போய் மோட்டாரை ஒரு இடம் விடாமல் துடைத்துச் சந்தனம் பூசினேன். சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. சாம்பல் கலயம் என் மடியில். கரை ஒரு கோடாகத் தெரிகிற தூரத்தில் தண்ணீருக்குள் சுற்றும் மோட்டார் விசிறியில் அறுந்த வலைத்துண்டு சிக்கியது. சகலை மோட்டாரை நிறுத்தி, குனிந்து அதை எடுத்தார். மறுபடி சாவியைத் திருப்பினார். ‘டக்’ என்று ஒரு சத்தம். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

கையால் இழுத்துக் கிளப்புகிற கயிறு, கரையில் கொழுந்தியாள் துணி காயப்போடும் கொடியாகியிருந்தது. எனக்கு நீச்சலும் தெரியாது. எங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் நிற்பதே எப்போதாவதுதான். மாரியம்மனுக்கு மொட்டை நேர்ந்தேன். மழிப்பதற்குத் தலையில் பெரிதாக எதுவும் இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. கடைசியில் கலயத்திடமே கெஞ்சினேன். “மாமா, வந்தது வந்துட்டீய. இங்கன வச்சு மல்லுக்கட்டாதீய!”

சகலையின் கை சாவியிலேயே நின்றுவிட்டது. “அண்ணாச்சி, அவிய சொன்னது நெசந்தானா? இல்ல, என் மனசு ஆறட்டும்னு நீங்களா சொன்னதா?”

நான் சத்தியம் செய்தேன். நடுங்கிக்கொண்டு செய்ததால் அதுவும் நடிப்பு போலவே இருந்தது. அவர் மோட்டாரைச் சோதிக்க ஆரம்பித்தார். கியர் நடுவில்தான் இருந்தது. பியூஸ் நன்றாக இருந்தது. “நேத்து ராத்திரி முச்சூடும் சார்ஜ் போட்ட பேட்டரி இது. ஓட ஓட மோட்டாரும் ஏத்தியிருக்கணும்லா” என்று தனக்குள் பேசிக்கொண்டார். இன்னும் ரெண்டு தடவை சாவியைத் திருப்பிவிட்டு, பேட்டரியின் இரண்டு முனைகளையும் தொட்டார். ஒன்று சில்லென்று இருந்தது. மற்றதைத் தொட்டுக் கையை உதறினார். “இங்கன தொட்டுப் பாருங்க, சுடுது. இதுலதான் கரண்டு போகவும் மாட்டேங்குது, வரவும் மாட்டேங்குது.”

காதைப் பிடித்து நட்டைத் திருகி, வயரைக் கழற்றினார். உள்ளே மஞ்சளாக, ஓடு மாதிரி காய்ந்திருந்தது.

“இது என்னது?”

“சந்தனம்” என்றேன். “பேட்டரி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சுன்னு, கழத்தித் தொடச்சி, உள்ளயும்…”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார், சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அப்பம் அவியளுக்கு ஏங்கூட வர வருத்தமில்ல. எல்லாம் நீங்க செஞ்ச கூத்து!” என்றார். கத்தியால் சுரண்டி, நட்டை இறுக்கி, சாவியைத் திருப்பினார். மோட்டார் உறுமியது. பேட்டரி மீட்டரில் முள் மேலே ஏறியது. இன்னும் கொஞ்ச தூரம் போய், கலயத்தை என் மடியிலிருந்து அவரே வாங்கிக்கொண்டார். “மாமா, பாத்துப் போங்க” என்று சொல்லிக் கரைத்தார். அதற்குமுன் அவர் வாயிலிருந்து ‘மாமா’ என்று நான் கேட்டதே இல்லை.

போன பொங்கலுக்கு வந்தபோது மோட்டாரையும் பேட்டரியையும் மாற்றிவிட்டதாகச் சொல்லி, பழைய நட்டை என் கையில் வைத்தார். “சந்தனம் பூசுறதுன்னா இனிமே இதுக்கு மட்டும் பூசுங்க அண்ணாச்சி.” பிறகு அவரே அதை வாங்கி டிவி ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் போனார். வருகிறவர்கள் அது என்ன என்று கேட்கிறார்கள். நான் சொன்னால் அதையும் நம்புவதில்லை. ஆனாலும் நடந்தது இதுதான்: மாமனார் அந்தப் படகில்தான் போக வேண்டும் என்று சொன்னார். மோட்டார் கிளம்பாமல் போனது, விடிந்ததும் நான் ஈரமாகப் பூசிய சந்தனம் பேட்டரிக்கும் வயருக்கும் நடுவில் காய்ந்துபோனதால்.