கரடி ஏற மறுத்த ஃபெர்ரி

மெத்தையக்கா என்ற பெயர் அவளுக்குத் தொழிலால் வந்தது. வேனோ லாரியோ பேருந்தோ, கிழிந்த சீட்டைப் பிரித்து, உள்ளே ஃபோம் மாற்றி, புது ரெக்ஸின் தைத்துப் போட்டுத் தருவாள். புருஷன் இருந்தவரை அவர் பிரிப்பார், அவள் தைப்பாள். அவர் போன பிறகு இரண்டையும் அவளே பார்த்துக்கொண்டாள். அந்த வருமானத்தில்தான் தம்பியைப் படிக்க வைத்து, கல்யாணமும் செய்து வைத்தாள். யார் வாசலிலும் போய்க் கை கட்டி நின்றதில்லை.

அவள் வளர்த்த நாய்க்குக் கரடி என்று பெயர். அது உருவத்துக்கு வைத்த பெயர். பூனை சீறினாலே தையல் மெஷினுக்கு அடியில் போய்ப் படுத்துவிடும். குட்டியாக மழைக்குப் பட்டறையில் ஒதுங்கியது, மழை விட்ட பிறகும் வெளியே போகவில்லை.

பட்டறையை இடிக்கப் போவதாக இடத்துக்காரர் சொன்னபோது மெத்தையக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. அக்கரையில் பேருந்துகளுக்கு சீட் கட்டும் பெரிய பட்டறை ஒன்று இருந்தது. அங்கே விசாரித்து, வேலையும் பின்பக்கத்தில் ஓர் அறையும் பேசி முடித்தாள். கூட ஒரு நாய் வரும் என்பதையும் சொல்லிவிட்டாள். முதலாளி சரி என்றார். ஆனால் அக்கரைக்குப் போக ஃபெர்ரியை விட்டால் வேறு வழி கிடையாது.

முதல்முறை போனபோது டிக்கெட் கொடுக்கிற இடத்தைத் தாண்டவே முடியவில்லை. நாய்க்கு வாய்ப்பூட்டு இல்லாமல் ஏற்ற மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடையில் விற்ற வாய்ப்பூட்டு எதுவும் கரடியின் மூஞ்சிக்குப் பாதிகூட வரவில்லை. அவள் வீட்டுக்கு வந்து, பழைய சீட் பெல்ட் பட்டையை வெட்டி, அளவெடுத்துத் தானே ஒன்று தைத்தாள். கரடி அதை மாட்டிக்கொண்டு, செய்யாத தப்புக்குத் தண்டனை வாங்கியவன்போல முழித்தது.

இரண்டாம்முறை தம்பி வேனில் சாமான்களோடு இருவரையும் கொண்டுவந்து இறக்கினான். கரையிலிருந்து ஃபெர்ரிக்குள் போக ஓர் இரும்புப் பலகையை இறக்கிவிட்டிருந்தார்கள். பலகை முழுக்க ஓட்டை; கீழே தண்ணீர் அலைந்துகொண்டிருந்தது. அதன் விளிம்புவரை வந்த கரடி நான்கு காலையும் பரப்பித் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. தம்பி சங்கிலியைப் பிடித்து இழுத்தான். கழுத்து நெரிந்து நாய் இருமியது. அவள் அவன் கையிலிருந்து சங்கிலியைப் பிடுங்கிக்கொண்டாள். ஃபெர்ரி அவர்களை விட்டுவிட்டுக் கிளம்பியது.

வேனுக்குத் திரும்பி நடக்கும்போது தம்பி மெதுவாக ஆரம்பித்தான்.

“அக்கா, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதே. இதை இங்கயே யார்கிட்டயாவது குடுத்துட்டுப் போயிடேன்.”

“குடுத்துட்டுப் போக அவன் என்ன பூந்தொட்டியா? அவன் ஏறுவான். நீ சாமானை மட்டும் வேனோட அடுத்த ஃபெர்ரில கொண்டுபோய் அங்க இறக்கிடு.”

தம்பிக்கு அக்காவைத் தெரியும். வேனை அடுத்த ஃபெர்ரிக்கு வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினான்.

அன்று ராத்திரி அவள் யோசித்தாள். நாய் பயந்தது ஃபெர்ரிக்கு இல்லை, காலுக்கடியில் தெரிந்த தண்ணீருக்கு என்று பட்டது. மிச்சமிருந்த ரெக்ஸினை எல்லாம் ஒட்டுப்போட்டு, பலகை நீளத்துக்குக் கையாலேயே ஒரு விரிப்புத் தைத்தாள். மத்தியானத்தில் ஃபெர்ரியைக் கழுவுவதற்காகக் கரையில் நிறுத்தி வைப்பார்கள். ஃபெர்ரியில் கயிறு கட்டுகிறவரிடம் போய், அந்த நேரத்தில் நாயைப் பழக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். முதலில் முடியாது என்றவர், அவள் நகராமல் நிற்பதைப் பார்த்து, “விழுந்து கிழுந்து வெச்சீங்கன்னா நான் பொறுப்பில்லம்மா” என்று விட்டுவிட்டார்.

விரிப்பு ஒன்றுக்கும் உதவவில்லை. காற்று அதைத் தூக்கி அடித்தது. கரடி இன்னும் தூரம் ஓடியது. அவள் அதைச் சுருட்டி வைத்துவிட்டுப் பலகையின் நடுவில் போய் உட்கார்ந்தாள். டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள். கரடி கரையிலிருந்து முனகியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாளும் போனாள். அடுத்த நாளும் போனாள். ஒருநாள் முன்னங்கால் இரண்டும் பலகைமேல் வந்தன. பிறகு வயிறு தரையில் உரச ஊர்ந்து வந்து அவள் மடியில் தலையை வைத்து நடுங்கியது. அவள் தட்டிக்கொடுத்தாளே தவிர எழுந்திருக்கவில்லை. நடுக்கம் அடங்கும்வரை அங்கேயே இருந்தார்கள். ஃபெர்ரியைக் கழுவுகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கடைசியில் உண்மையான பயணத்தன்று பலகை ஈரமாக இருந்தது, கூட்டமும் இருந்தது. கரடி நின்றது. அவள் சங்கிலியைத் தளரவிட்டு முன்னால் நடந்தாள். நாலடி போனதும் பின்னால் நகம் இரும்பில் படும் சத்தம் கேட்டது.

உள்ளே இன்னொரு சிக்கல் காத்திருந்தது. நாயை வண்டிகள் நிற்கும் கீழ்த்தளத்தில் கட்டிவிட்டு அவள் மேலே போக வேண்டுமாம். ஃபெர்ரி ஓடும்போது கீழே ஆள் நிற்கக் கூடாதாம்.

“அவன் தனியா இருக்க மாட்டான். மேல கூட்டிட்டுப் போகக் கூடாது, கீழ நான் நிக்கக் கூடாது. ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கிற மாதிரி எந்த இடமாவது இருக்கா?” என்று கேட்டாள்.

கயிற்றுக்காரர் தலையைச் சொறிந்தார். “பின்னாடி வெளித்தளம் ஒண்ணு இருக்கு. கூரை கிடையாது, தண்ணி அடிக்கும். யாரும் உக்கார மாட்டாங்க.”

“நாங்க உக்காருவோம்.”

அவர் சொன்னதில் பொய்யில்லை. நடுநீரில் அலை ஏறி வந்து இருவரையும் குளிப்பாட்டியது. கரடிக்குக் குமட்டியதும் அவள் அவசரமாக வாய்ப்பூட்டைக் கழற்றினாள். அது அவள் மடியிலேயே வாந்தி எடுத்தது. அதைத் துடைக்கும்போது அவளுக்கும் வயிற்றைப் புரட்டியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளும் எடுத்தாள். நாய் அவள் முகத்தை நக்கியது. அத்தனை நாளில் முதல்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது, வாய்விட்டுச் சிரித்தாள்.

அக்கரை வந்ததும், திரும்பப் பூட்டிய வாயோடு, பலகை இறங்கி முடிக்கும் முன்பே கரடி அவளை இழுத்துக்கொண்டு கிளம்பியது. பட்டறை வாசலில் நின்ற முதலாளி, நனைந்து நாறிக்கொண்டு வந்த இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். வேண்டுமானால் ஒருநாள் ஓய்வெடுத்துவிட்டு வேலைக்கு வரலாம் என்றார்.

“அதெல்லாம் வேணாம் சார், காலையிலயே வந்துடறேன்” என்றாள் மெத்தையக்கா. “குழாய் எந்தப் பக்கம்? முதல்ல இவனைக் கழுவணும்.”