அக்கா வாங்கப்போன பழைய பவுன்கள்

குவைத்திலிருந்து அக்கா திரும்பியபோது, அவள் கொண்டுவந்த பணத்தில் நோர்வூட் டவுனை ஒட்டி ஒரு துண்டுக் காணியும் சின்ன வீடும் வாங்கலாம் என்றுதான் நினைத்திருந்தோம். காணிக்காரர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார். அதற்குள் நாட்டில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. கேஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மா கண்ணிலேயே இல்லை. வங்கியில் போட்ட பணம் போட்டபடி இருக்க, விலைகள் அதை விட்டுவிட்டு மேலே போய்க்கொண்டிருந்தன. வீடு கைநழுவியது. பிறகு வெறும் காணிக்கே அது போதாது என்றானது.

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லய வீட்டின் பின்சுவரில் அந்த வருஷத்து மழைக்கு வெடிப்பு விழுந்திருந்தது. சுவருக்குப் பின்னால் மண்மேடு. மழை பிடித்துக்கொண்டால் அக்கா தன் இரண்டு பிள்ளைகளையும் வாசற்பக்கம் படுக்கவைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். தோட்டத்து ஆபீசில் சொன்னோம். வந்து பார்த்தவர்கள், வேறு இடத்துக்குப் போய்விடுங்கள் என்றார்கள். எந்த இடம் என்று சொல்லவில்லை. அத்தான் செத்த பிறகு வெளிநாடு போய், யார் யார் வீட்டையோ துடைத்துச் சம்பாதித்த பணம் கண்ணெதிரே கரைவதை அவளால் தாங்க முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் ஒருவர் வந்தார். கொத்மலைப் பக்கத்துத் தோட்டத்தில் இருப்பவர். கட்டட வேலைக்கு அஸ்திவாரம் தோண்டும்போது பழைய வெள்ளைக்காரன் காலத்துப் பவுன் காசுகள் கிடைத்தன என்றும், வெளியே தெரிந்தால் பொலிஸ் பறித்துக்கொள்ளும் என்றும் சொன்னார். கடை விலையில் பாதி கொடுத்தால் போதும்.

"என்ன நம்ப வேணாங்க. ஒண்ண கொண்டுபோயி எங்க வேணும்னாலும் காட்டிட்டு வாங்க," என்று ஒரு காசை அக்காவின் கையில் வைத்தார்.

நான் ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். பக்கத்து நகைக்கடை முதலாளி முஸ்லிம் மனுசர், எங்கள் கடைப் பெண்கள் எல்லோரையும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் காட்டினேன். தராசில் வைத்தார். விளிம்பில் உள்ள வரிகளை நகத்தால் தடவினார். உரைகல்லில் தேய்த்து அந்தக் கோட்டின்மேல் ஒரு சொட்டு திராவகம் விட்டார். கோடு அப்படியே நின்றது.

"நல்ல பவுன்," என்றார். "மத்ததும் இருக்கா?"

"இருக்காம் மொதலாளி. கடைக்குக் கொண்டாரப் பயப்படுறாரு."

அவர் காசை உடனே திருப்பித் தரவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்து, காசோடு சேர்த்து என் கையில் கொடுத்தார். "ஒண்ணப் பாத்து மத்தத வாங்கிராதீங்க தங்கச்சி. ஒவ்வொண்ணா பாருங்க. தங்கம் கனம். பித்தளையில இதே கனத்துக்குச் செய்யணும்னா தடிப்பு கூடிரும். தடிப்பச் சரியாக்கினா கனம் கொறஞ்சிரும்."

மறுவாரம் நோர்வூட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்மேசையில் உட்கார்ந்தோம். கொத்மலைக்காரர் துணிப்பையை அவிழ்த்தார். அக்காவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. நான் ஒவ்வொரு காசாக எடுத்தேன். குதிரைமேல் வீரன், மறுபக்கம் ராஜாவின் தலை. தடிப்பும் சரியாகத்தான் பட்டது. ஆனால் நல்ல பவுனை ஒரு கையிலும் இதை ஒரு கையிலும் வைத்தபோது இந்தக் கை மேலே எழும்பியது. கண்ணாடியால் பார்த்தேன். குதிரையின் பின்னங்காலுக்குக் கீழே ஒரு சின்ன வெட்டு. அடுத்ததிலும் அதே இடத்தில் அதே வெட்டு. அதற்கடுத்ததிலும்.

"அக்கா, இது சரியில்ல."

"நல்ல பவுன்லயும் அந்த வெட்டு இருக்குதே. ஒரே மாதிரிதான இருக்கு," என்றாள்.

அதுதான் விஷயம். எங்கோ விழுந்து அடிபட்ட இந்த நல்ல காசிலிருந்தே அச்சு எடுத்திருக்கிறார்கள். அடிபட்ட காயமும் சேர்ந்து எல்லாவற்றிலும் பதிந்திருக்கிறது. இதைச் சொன்னதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ பாரு. இதுல பாதியாச்சும் நல்லதா இருக்கும். பாரு பிள்ள."

பார்த்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன்.

அவர் எழுந்து ஓடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை. பிளேன்டீ ஆறிப்போய் இருந்தது, அதை எடுத்துக் குடித்தார்.

"தெரிஞ்சேதான் கொண்டு வந்தீங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"வாங்கறப்ப தெரியாதுங்க. எனக்கும் இதே அஸ்திவாரக் கதையச் சொல்லி, ஒண்ணக் குடுத்துத்தான் காட்டச் சொன்னாங்க. பொண்டாட்டி தாலி, மகளோட தோடு, எல்லாத்தையும் வித்துத்தான் வாங்குனேன். போன மாசந்தான் தெரிஞ்சது." பிறகு அக்காவைப் பார்க்காமலே சொன்னார்: "அந்த ஒண்ணு நல்லதுதாங்க. அதயாவது எடுத்துக்கங்க."

அக்கா அவரைத் திட்டவில்லை. அழுதாள், கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு. அழுது முடித்து, "ஹட்டனுக்கு வாங்க. கடையில வச்சு வாங்கிக்கிறேன்," என்றாள்.

மூவரும் ஒரே பஸ்ஸில் போனோம். முதலாளி அந்தக் காசை மறுபடியும் உரசிப் பார்த்து, நியாயமான விலை சொன்னார். அக்கா கொடுத்தாள். நடந்ததை நான் சொன்னதும் முதலாளி கையை நீட்டினார்.

"அந்தப் பையக் குடுங்க தம்பி. வெட்டித் தாறன். இன்னொருத்தர் ஏமாறக் கூடாது."

கொத்மலைக்காரர் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "இதையும் வெட்டிட்டா எங்கிட்ட ஒண்ணுமே இல்லங்க மொதலாளி."

வாசலில் நின்ற எங்களை விலக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார். அவரைப் பிடிக்கச் சொல்லி அக்கா என்னைப் பார்த்தாள். நான் இரண்டு அடி வைத்தேன். பிறகு அவள்தான் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

பவுன் விலை இன்னும் ஏறியபோது அதை விற்று, நோர்வூட்டில் ஒரு கடைக்கு மேலே இருந்த அறைக்கு முன்பணம் கொடுத்தோம். காணி வாங்கவில்லை. இனி வாங்குவோம் என்றும் தோன்றவில்லை. அந்தப் பை எங்கே போனது என்று தெரியாது. யாராவது மலிவாகப் பவுன் வருகிறது என்று பேச்செடுத்தால் அக்கா கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்கே போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வருகிறாள். சிலர் கேட்டுக்கொள்கிறார்கள். சிலர் அவளுக்குப் பொறாமை என்கிறார்கள்.